களிமண் படத்தில் விடுபட்ட சொல்

இது நடந்தது. இட்டுக்கட்டிச் சொல்வதாக இருந்தால் நடுராத்திரி, சுடுகாடு, நாய் ஊளை என்று நாலைந்தைச் சேர்த்து ஜமாய்த்திருப்பேன். இதில் அதெல்லாம் ஒன்றும் கிடையாது. எல்லாமே பட்டப்பகலில், மதியம் இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவில், துணி மடித்துக்கொண்டே டிவி பார்க்கிற நேரத்தில் நடந்தது.

நேரங்களையும் நான் குத்துமதிப்பாகச் சொல்லவில்லை. என் அக்காவின் நோட்டில் சிவப்புப் பென்சிலால் எழுதியிருப்பதைப் பார்த்துச் சொல்கிறேன். நோட்டு இப்போது என்னிடம்தான் இருக்கிறது. சந்தேகப்படுகிறவர்கள் வந்து பார்க்கலாம். கடைசிப் பக்கத்தை மட்டும் தொடக் கூடாது.

சந்தேகம் என்றதும்தான் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்கு அவள் நிழல் மேலேயே சந்தேகம். வெளியே போகும்போது கதவைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்ப்பாள். தெருவுக்கு இறங்கிய பிறகு மறுபடி மூன்று மாடி ஏறி வந்து நாலாவது முறை இழுப்பாள். லிஃப்ட் கிடையாது. நானோ லிஃப்ட் மெக்கானிக். "லிஃப்ட் மெக்கானிக்கோட அக்கா லிஃப்ட் இல்லாத வீட்லதான் கிடந்து சாகணும்னு என் தலையில எழுதியிருக்கு" என்று முட்டி வலிக்கும்போதெல்லாம் என்னைத் திட்டுவாள். நாங்கள் பிறந்து வளர்ந்த வீடு அது. அத்தான் கப்பலில் வேலை. வருடத்தில் எட்டு மாதம் கடலில் இருப்பார். வீட்டில் அக்காவும் அவளுடைய ஆறு வயது மகளும் மட்டும்தான். மகளை நாங்கள் வாலு என்றுதான் கூப்பிடுவோம். பார்த்தால் காரணம் கேட்க மாட்டீர்கள்.

அக்கா ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறாள். இருபத்திரண்டு வருடமாக. மருந்துப் பெட்டிக்குள் நாலாய் எட்டாய் மடித்து ஒரு தாள் வருமே, எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தோடு? அதைப் படிக்கிற ஒரே ஜீவன் அவள்தான். அடிக்கோலை வரிக்குக் கீழே வைத்து, சொல் சொல்லாக, மூலத்தையும் அச்சையும் ஒப்பிட்டுப் படிப்பாள். ஒரு சொல் விடுபட்டிருந்தால் அந்த இடத்தில் கூரை மாதிரி ஒரு குறி போட்டு, மேலே அந்தச் சொல்லை எழுதுவாள். ஒருமுறை 'பத்து வயதுக்குக் குறைந்தவர்களுக்குத் தருவது பாதுகாப்பானது அல்ல' என்ற வரியில் 'அல்ல' விழுந்துபோயிருந்தது. அக்கா பிடித்தாள். "ஒத்தை வார்த்தைடா. எத்தனை பிள்ளைங்க போயிருக்கும்?" என்று அன்று முழுக்கப் புலம்பினாள். அதனால்தான் சொல்கிறேன். சொற்கள் விஷயத்தில் அவள் தப்பாகக் குறித்துக்கொள்ள வழியே இல்லை.

அம்மா என்னோடு இருக்கிறாள். அவளுக்குக் கண்ணில் ஆபரேஷன் செய்ய வேண்டியிருந்தது. பழைய கண்ணாடிச் சீட்டு வேண்டும் என்று டாக்டர் கேட்டார். அம்மா அக்காவுக்கு போன் போட்டாள்.

"பரண்ல பச்சைப் பெட்டி இருக்கு. மேலாப்புல ஒரு கவர்ல இருக்கும். எடுத்துட்டு மூடிடு. வேற எதையும் கிளறாதே."

கிளறாதே என்று என் அக்காவிடம் சொன்னால் போதாதா?

பெட்டியின் அடியில் ஒரு தலையணை உறை இருந்தது. அதன் வாயைத் தைத்திருந்தார்கள். சாதாரணத் தையல் இல்லை. இரட்டை நூலில், நெருக்கி நெருக்கி, போய்த் திரும்பி வந்து தைத்த தையல். அக்கா பிளேடால் பிரித்தாள். உள்ளே ஒரு வீடியோ கேசட்.

அதைப் பார்த்ததும் அவள் பரணுக்குப் போட்ட ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டாள். களிமண் படம்!

நாங்கள் வைத்த பெயர் அது. ஏதோ தெரியாத மொழியில் எடுத்த படம். களிமண்ணால் செய்த ஒரு குடும்பம். அப்பா, அம்மா, ஒரு பெண், ஒரு பையன். அப்பா தபால்காரர். தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்லிவிட்டு வேலைக்குப் போவார். வழியில் மழை பிடித்துக்கொள்ளும். களிமண் மனிதர் அல்லவா, கரைந்து போவார். மூக்கு போகும், வாய் போகும், கடைசியில் வெறும் உருண்டைத் தலையோடு வீட்டுக்கு வந்து நிற்பார். பிள்ளைகள் இரண்டும் கைவிரலால் பிசைந்து பிசைந்து அவருக்கு மறுபடி முகம் வைக்கும். ஒவ்வொரு தடவையும் முகம் கொஞ்சம் மாறிப் போகும். வீட்டில் யாருக்கும் அது பெரிதாகத் தெரியாது. மறுநாள் மறுபடி கிளம்பிவிடுவார். முப்பத்தெட்டு நிமிடப் படம்.

எங்களுக்கு அது வெறும் படம் இல்லை. அதில் எங்கள் அப்பாவின் குரல் இருந்தது.

அப்பா இறந்தபோது அக்காவுக்கு ஏழு வயது, எனக்கு நாலு. அம்மா ஓர் ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் பிரிவில் வேலை பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமையும் வேலை உண்டு. எங்களை உள்ளே விட்டு, வெளியே பூட்டிக்கொண்டு, படத்தைப் போட்டுவிட்டுப் போவாள். அந்தப் படத்தில் களிமண் ஆட்கள் வாயசைக்கும்போதெல்லாம் ஓர் ஆண்குரல் தமிழில் பேசும். நிதானமான, கனத்த, கொஞ்சம் சிரிப்பு கலந்த குரல். களிமண் பெண்ணைப் 'பெரிசு' என்று கூப்பிடும். பையனைச் 'சிறுசு' என்று கூப்பிடும். வீட்டில் எங்கள் பெயரும் அதுதான்.

எங்கள் செல்லப் பெயர் தெரிந்த ஆம்பளை வேறு யார்? அப்பாதான் போவதற்கு முன் ஏதோ மெஷின் வைத்து எங்களுக்காகப் பேசிப் பதிவு செய்திருக்கிறார் என்று அக்கா முடிவு கட்டினாள். நானும் தலையாட்டினேன். ஒருநாள் அதை அம்மாவிடம் சொன்னோம். அம்மாவின் முகம் செத்துப்போனது. மறுநாள் கேசட்டைக் காணோம். பாவம், அம்மாவால் தாங்க முடியவில்லை என்று நாங்கள் இரண்டு பேரும் பெரிய மனிதர்கள் மாதிரி பேசிக்கொண்டோம். அதன் பிறகு அவளிடம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஆனால் எனக்கு அப்பா மாதிரி பேசிக் காட்டுவது கைவந்த கலையாகிவிட்டது. கல்யாண வீட்டில்கூடச் செய்வேன். அம்மா இருந்தால் சட்டென்று எழுந்து உள்ளே போய்விடுவாள். அழத்தான் போகிறாள் என்று நினைப்போம்.

அக்காவுக்கு அப்பாவின் முகம் போட்டோவில் இருந்தது. குரல் அந்தக் கேசட்டில் மட்டும்தான் இருந்தது. முப்பத்தைந்து வருடம் அதை நினைத்து ஏங்கியிருக்கிறாள் என்பது அன்று போனில் அவள் அழுதபோதுதான் எனக்கே தெரிந்தது.

தெருமுனை ரிப்பேர் கடையில் ஒரு பழைய டெக் கிடந்தது. கேசட் போட்டு ஓட்டுகிற அந்தக் காலத்துப் பெட்டி. கடைக்காரர் கூட்ட நேரத்தில் அவசரமாக எடுத்துக் கொடுத்தார். அக்கா அதைத் தூக்கி வந்து டிவியில் மாட்டினாள்.

சனிக்கிழமை. மதியம் 2.10.

வாலுவை மடியில் வைத்துக்கொண்டு அக்கா பார்த்தாள். படம் கொஞ்சம் மங்கியிருந்தது. மற்றபடி அதே வீடு, அதே வட்ட ஜன்னல், அதே தொப்பி. களிமண் ஆட்களின் கன்னத்தில், அவர்களைச் செய்தவரின் விரல்ரேகை பதிந்திருக்கும். அது ஒவ்வொரு கணமும் மாறிக்கொண்டே இருக்கும். சின்ன வயதில் அது வேடிக்கையாக இருந்தது. இப்போது பார்த்தால், யாரோ அந்த முகத்தை விடாமல் தடவிக்கொண்டே இருப்பது மாதிரி இருந்தது. அக்காவுக்கு அது பிடிக்கவில்லை.

ஆனால் குரல் வந்தது. அதே குரல்.

"பெரிசு, குடையை எடு. மழை வருது."

அக்கா ஓவென்று அழுதுவிட்டாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு நோட்டை எடுத்தாள். கேசட் எப்போது வேண்டுமானாலும் அறுந்துபோகலாம் அல்லவா? படத்தை நிறுத்தி நிறுத்தி, அப்பா பேசியதையெல்லாம் வரிசை எண் போட்டு எழுதினாள். மொத்தம் அறுபத்தொரு வரி. எழுதி முடித்ததும் கடைசிக் காட்சியை மட்டும் இன்னொரு தடவை பார்த்தாள். களிமண் அப்பா வாசலில் நின்று தொப்பியைத் தூக்கினார்.

"போயிட்டு வரேன், கண்ணுங்களா."

அறுபத்தோராவது வரி. அக்கா அதை எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறாள்.

அன்று சாயங்காலம் நான் கண்ணாடிச் சீட்டை வாங்கப் போனேன். அக்கா குளித்துக்கொண்டிருந்தாள். என்னிடம் இருந்த சாவியால் திறந்துகொண்டு உள்ளே போனேன். வாலுவோடு பத்து நிமிடம் விளையாடினேன். இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் பின்னால் என் தலை உருண்டது இந்தப் பத்து நிமிடத்தால்தான்.

ஞாயிற்றுக்கிழமை. 2.10.

எழுதியதைச் சரிபார்க்க வேண்டும் என்று அக்கா மறுபடி படத்தைப் போட்டாள். கையில் நோட்டு. வரிக்குக் கீழே அடிக்கோல். இந்த முறை எங்கேயும் நிறுத்தவில்லை.

பதினேழாவது வரி. நோட்டில்: 'பெரிசு, குடையை எடு.' டிவியில்...

"பெரிசு, குடை வேண்டாம்."

அக்கா பென்சிலை எடுத்தாள்.

முப்பதாவது வரி. நோட்டில்: 'இன்னும் எவ்ளோ தூரம் போகணும்?' டிவியில்...

"பதினெட்டு ஏறியாச்சு."

என்ன பதினெட்டு? களிமண் அப்பா மழையில் சமதரையில்தான் நடந்துகொண்டிருந்தார்.

2.48. கடைசிக் காட்சி. தொப்பி மேலே போனது.

"வரேன், கண்ணுங்களா."

அவ்வளவுதான். 'போயிட்டு' இல்லை.

ரீவைண்ட் செய்து பார்த்தாள். இல்லை. மறுபடி பார்த்தாள். இல்லை. கேட்ட வரியை நோட்டில் எழுதினாள். பழக்க தோஷம், அதன் முன்னால் கூரைக் குறி போட்டு மேலே 'போயிட்டு' என்று சேர்த்தாள்.

அடுத்த நிமிடம் எனக்கு போன்.

"டேய், என்னடா பண்ணே?"

"எதை?"

"நடிக்காதே. அப்பா குரல்ல பேசி மாத்தியிருக்கே. நேத்து நான் குளிக்கும்போதுதானே?"

"அக்கா, பத்து நிமிஷத்துல டப்பிங் பண்ண நான் என்ன ஸ்டூடியோவா வெச்சிருக்கேன்?"

"உன்னைத் தவிர அந்தக் குரல் யாருக்குடா வரும்? எனக்குன்னு அப்பாகிட்டேர்ந்து மிஞ்சினது அது ஒண்ணுதான். அதுல போய் விளையாடுறியே, நீ மனுஷனா?"

எனக்கும் கோபம் வந்தது. போனை வைத்துவிட்டேன். தப்புதான். அன்றே கிளம்பிப் போயிருக்க வேண்டும்.

அக்கா கேசட்டைத் திருப்பிப் பார்த்தாள். கேசட்டின் முதுகில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பல் இருக்கும். அதை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறு எதையும் பதிவு செய்ய முடியாது. இந்தக் கேசட்டில் அது எப்போதோ உடைந்திருந்தது. அப்படியானால் கேசட்டையே மாற்றிவிட்டானோ என்று யோசித்தாள். லேபிளின் மேல் சிவப்புப் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு போட்டாள். அலமாரியில் வைத்துப் பூட்டினாள். சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள். மறுநாள் என் ஆபீசுக்கே வந்து, வீட்டுச் சாவியைக் கையை நீட்டித் திரும்ப வாங்கிக்கொண்டு போனாள்.

புதன்கிழமை. 2.30 இருக்கும். பள்ளிக்கூடம் லீவு. அக்காவும் லீவு போட்டிருந்தாள். வாலு தரையில் உட்கார்ந்து, பள்ளியில் கொடுத்த கலர் களிமண்ணை உருட்டிக்கொண்டிருந்தாள். வாய் எதையோ முணுமுணுத்தது.

"...முப்பத்தி நாலு, முப்பத்தி அஞ்சு, முப்பத்தி ஆறு."

அதோடு நின்றது.

"ஏன் நிறுத்திட்டே?"

"அவ்ளோதாம்மா வந்திருக்கு."

"எது வந்திருக்கு?"

"தாத்தா."

அக்கா அலமாரியைத் திறந்தாள். கேசட் அங்கேயே இருந்தது. சிவப்புக் கோடும் இருந்தது. டெக்கின் வயர் பிடுங்கிக் கிடந்தது.

அவள் செருப்பைக்கூடப் போடாமல் கீழே இறங்கினாள். தெருவாசலிலிருந்து எண்ணிக்கொண்டே ஏறினாள். முதல் மாடிக்குப் பதினெட்டுப் படி. இரண்டாவது மாடிக்கு முப்பத்தாறு. தன் வீட்டு வாசல் வரை... ஐம்பத்து நாலு.

பிறந்ததிலிருந்து ஏறுகிற படி. அன்றுதான் முதல்முறையாக எண்ணியிருக்கிறாள்.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் கேசட்டை அடுப்பில் போட்டிருப்பார்கள். அக்கா போடவில்லை. அவளுக்குப் பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம்... வருவது அப்பாவாக இருந்தால்? இதை அவள் என்னிடம் பிறகு சொன்னாள். "ஒரே ஒரு தடவை பாத்துட்டா போதும்னு தோணுச்சுடா."

வெள்ளிக்கிழமை எனக்கு போன் வந்தது.

"நாளைக்கு ரெண்டு மணிக்கு வா. என் கண்ணு முன்னாடி உக்காந்திரு. நீ இருக்கும்போதும் மாறுச்சுன்னா நம்பறேன்."

போனேன்.

சனிக்கிழமை. வெளியே நல்ல மழை. அக்கா உள்தாழ்ப்பாளைப் போட்டு, வழக்கம்போல மூன்று முறை இழுத்துப் பார்த்தாள். என்னை நாற்காலியில் உட்காரவைத்தாள். இரண்டு கையையும் மடிமேல் வைக்கச் சொன்னாள். பிறகு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டு வந்தாள்.

"வாயில வெச்சுக்கோ. முழுங்காதே."

"எதுக்கு?"

"நீ வாயசைக்காம பேசுவே. உன்னை எனக்குத் தெரியாதா?"

முப்பத்தொன்பது வயது ஆள், கன்னம் உப்ப, வாயில் தண்ணீரோடு களிமண் படம் பார்க்க உட்கார்ந்தேன். வாலு என்னைப் பார்த்து உருண்டு உருண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்புதான். அதுவரைக்கும்.

2.10. அக்கா கேசட்டை உள்ளே தள்ளினாள். சிவப்புக் கோட்டை எனக்கும் ஒரு முறை காட்டினாள்.

படம் ஓடியது. களிமண் அம்மா ஜன்னலைத் துடைத்தாள். களிமண் பிள்ளைகள் குதித்தன. வாய்கள் அசைந்தன.

குரல் இல்லை.

2.15. இல்லை.

2.20. இல்லை.

அக்கா நோட்டில் ஒவ்வொரு எண்ணாகப் போட்டு, எதிரே வெறும் கோடு கிழித்துக்கொண்டே வந்தாள். மழைச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

2.26. களிமண் அப்பா முகமில்லாமல் வந்து நின்றார். பிள்ளைகள் கையை நீட்டின.

"மூக்கை நீ வை... வாலு."

நான் தண்ணீரை விழுங்கிவிட்டேன்.

அந்தக் குரல்தான். முப்பத்தைந்து வருடம் கழித்துக் கேட்கிறேன். கனத்த, நிதானமான, சிரிப்பு கலந்த குரல். அக்கா என்னைப் பார்த்தாள். என் வாய் மூடியிருந்ததை அவளே பார்த்தாள்.

வாலு என்ற பெயர் முப்பத்தைந்து வருடத்துக்கு முந்தைய கேசட்டில் எப்படி வரும்?

"ஐம்பத்து ரெண்டு" என்றது குரல்.

எழுந்து டெக்கை அணைக்க வேண்டும் என்று தோன்றியது. கால் வரவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வரவில்லை.

2.40. வாலு எழுந்தாள்.

"தண்ணி குடிக்கப் போறேன்."

2.41. எங்கோ ஒரு சத்தம். க்ளிக்.

படத்தில்தான் கேட்டது என்று நானும் நினைத்தேன், அக்காவும் நினைத்தாள்.

வாலு திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"ஐம்பத்து மூணு."

2.47. கடைசிக் காட்சி. களிமண் வீட்டின் வாசல். கதவு திறந்திருந்தது.

அங்கே யாரும் இல்லை.

தொப்பி இல்லை. அப்பா இல்லை. களிமண் அம்மாவும் பிள்ளைகளும் வெறும் வாசலைப் பார்த்து நின்றார்கள். பிறகு மெல்ல... மூன்று பேரும்... எங்கள் பக்கம் திரும்பினார்கள்.

"இந்தக் காட்சி கிடையாது..." அக்காவின் உதடு மட்டும் அசைந்தது.

2.48.

குரல் டிவியிலிருந்து வரவில்லை.

எங்களுக்குப் பின்னாலிருந்து வந்தது.

"வந்துட்டேன்."

திரும்பினோம்.

வாசல் கதவு... அகலத் திறந்திருந்தது.

ஆள் யாரும் இல்லை. மழைக்காற்று மட்டும் உள்ளே வந்தது.

"வாலு!" அக்கா கத்தினாள். "கதவை யார் திறந்தது?"

"நான்தான்."

"ஏன்டீ?"

"தாத்தா வரேன்னு சொன்னாரேம்மா. பூட்டியிருந்தா எப்படி வருவார்?"

வரேன். நாமெல்லாம் கிளம்பும்போது சொல்கிற சொல். அந்தக் குழந்தை அதைச் சொல்லுக்குச் சொல் அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டாள்.

தரையைப் பார்த்தேன். வாசலிலிருந்து உள்ளே ஈரத் தடம். சாம்பல் நிறச் சேறு. ஒன்று, இரண்டு, மூன்று... எங்கள் நாற்காலிகளுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தது.

திரும்பிப் போன தடம் இல்லை.

வாலுவின் கையைப் பிடித்துத் தூக்கினேன். விரலெல்லாம் பிசுபிசுவென்று இருந்தது. சாம்பல் நிறக் களிமண். அவள் டப்பாவில் ஆறு கலர் உண்டு. சாம்பல் அதில் இல்லை.

"என்ன இது?"

"மூக்கு வெச்சேன்" என்றாள்.

அதற்கு மேல் அங்கே யார் நிற்பார்கள்? கேசட்டை அங்கேயே உருவிப் போட்டுவிட்டு, டெக்கை வயரோடு பிடுங்கினேன். அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். ஐம்பத்து நாலு படியையும் எப்படி இறங்கினோம் என்று தெரியாது. வண்டியில் வரும்போது அக்கா நோட்டைத் திறந்தாள். 61 என்று எண் மட்டும் போட்டிருந்தாள்; வரி எதுவும் எழுதவில்லை. அதற்கு எதிரே ஒரு கட்டைவிரல் ரேகை மட்டும், சாம்பல் நிறத்தில். எங்கள் குடும்பத்தில் யாருடைய விரலும் அவ்வளவு பெரிதில்லை.

வழியில் ரிப்பேர் கடையில் டெக்கை இறக்கினேன். அதை ஒரு நிமிடம்கூட வைத்திருக்க மனமில்லை. கடைக்காரர் சங்கடமாகச் சிரித்தார்.

"மன்னிச்சுக்குங்க சார். அன்னிக்கு அவசரத்துல அக்காகிட்ட சொல்ல மறந்துட்டேன். இதுல படம் மட்டும்தான் வரும். சவுண்டு போர்டை நான் கழட்டி வேற பெட்டிக்குப் போட்டு ரெண்டு வருஷம் ஆச்சு. ஊமைப் படமாத்தான் பார்த்திருப்பீங்க, இல்ல?"

அக்கா வண்டிக்குள் இருந்தாள். அவளுக்குக் கேட்டுவிட்டது.

வீட்டுக்குப் போனோம். அம்மா ஒரு கண்ணில் கட்டோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அக்கா அவள் மடியில் விழுந்து எல்லாவற்றையும் கொட்டினாள். தையலைப் பிரித்தது, அப்பாவின் குரல், படி, கதவு, எல்லாம். அம்மா குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் ஒன்றுதான் கேட்டாள்.

"அது உங்கப்பா குரல்னு யார் சொன்னா?"

"என்னம்மா இப்படிக் கேக்கறே? நாங்க சின்ன வயசுல கேட்டதுதானே?"

"உங்கப்பா போய் எட்டு மாசம் கழிச்சு, கேசட் வாடகைக்கு விடற கடையை மூடும்போது கூடையில போட்டு வித்தாங்கன்னு நான் வாங்கிட்டு வந்த கேசட் அது. அந்த மனுஷன் அதைக் கண்ணால பார்த்ததில்ல." அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "உங்கப்பா குரல் கீச்சுக் குரல். போன்ல பேசினா பொம்பளைன்னு நினைச்சு எல்லாரும் அம்மான்னுதான் கூப்பிடுவாங்க."

அக்கா மடியிலிருந்து தலையைத் தூக்கினாள். அம்மா நிறுத்தவில்லை.

"ஒரு ஞாயித்துக்கிழமை வேலை சீக்கிரம் முடிஞ்சுது. வந்து கதவுக்கு வெளிய நிக்கிறேன். உள்ளே ஒரு ஆம்பளை பேசறான். உங்க ரெண்டு பேர் பேரையும் சொல்லிக் கூப்பிடறான். பூட்டு என் பூட்டு, சாவி என் கையில. திறந்து பார்த்தா நீங்க மட்டும்தான். கீழ்வீட்ல சண்டைக்கு வருவாங்கன்னு டிவி சத்தத்தை முழுசா அடக்கிட்டுத்தான் போவேன். அன்னிக்கும் அடக்கித்தான் இருந்தது."

"அப்பவே தூக்கிப் போட வேண்டியதுதானேம்மா?"

"போட்டா எங்கே போகும்னு யாருக்குத் தெரியும்? வெச்சிருந்தா எங்கே இருக்குன்னாவது தெரியும்."

அம்மா கட்டுப் போடாத கண்ணால் என்னைப் பார்த்தாள். அவள் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை.

"நீ அந்தக் குரல்ல பேசிக் காட்டும்போதெல்லாம் எழுந்து போவேனே, அழறதுக்குன்னா நினைச்சீங்க? எனக்கு ஈரக்குலை நடுங்கும்டா. ஆனா எப்படிச் சொல்றது? அப்பான்னு உங்களுக்கு இருந்தது அது ஒண்ணுதான். அதையும் ஏன் பிடுங்கணும்னு விட்டுட்டேன்."

அக்கா எழுந்தாள். வாலு ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, விரலிடுக்கில் ஒட்டியிருந்த சாம்பல் களிமண்ணைச் சுரண்டி உருட்டிக்கொண்டிருந்தாள். அக்கா அவள் முன் மண்டியிட்டாள். குரலை எவ்வளவு சாதாரணமாக வைத்துக்கொள்ள முடியுமோ அவ்வளவு சாதாரணமாகக் கேட்டாள்.

"கண்ணு... நாம கிளம்பி வந்தோமே, அப்புறம் அவர் போயிட்டாரா?"

வாலு இல்லை என்று தலையை ஆட்டினாள். உருண்டையை உள்ளங்கையில் வைத்து, கட்டைவிரலால் மெல்ல அமுக்கினாள்.

"அவர்தான் 'போயிட்டு'ன்னு சொல்லவே இல்லையேம்மா."